ஓவர் நோட்டு

பெரியம்மா போய்ச் சேந்து எட்டு மாசம் ஆகுது. எழுதணும் எழுதணும்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன், ஆனா உக்காந்தா ஞாபகத்துக்கு வர்றது எல்லாம் அது என்னயத் திட்டுனது தான். "ஏண்டா, கை கழுவுனியா"ங்குற சத்தம் தான் மொதல்ல கேக்குது. எனக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசு, ஆபீஸ் கேண்டீன்ல தட்டுல சோத்த வாங்கிட்டு உக்காந்த பெறகும் சில நாளு எந்திரிச்சுப் போயி கழுவிட்டு வர்றேன், கூட வேலை பாக்குறவய்ங்க சிரிப்பாய்ங்க.

ஒண்ண மொதல்லயே சொல்லிர்றேன். எங்க பக்கம் அம்மாவ, பெரியம்மாவ, அப்பத்தாவ எல்லாம் "வந்துச்சு, போச்சு, சொன்னுச்சு"னு தான் பேசுவோம். வெளியூர்க்காரங்க படிச்சா என்ன இவன் மரியாதை இல்லாம எழுதுறான்னு நெனைக்க வேணாம். "வந்தாங்க, சொன்னாங்க"னு ரெண்டு பாரா எழுதிப் பாத்தேன், யாரோ ஒரு ஹெட் மிஸ்ட்ரஸப் பத்தி எழுதுன மாதிரி இருந்துச்சு. அழிச்சுட்டேன்.

பெரியம்மா மதுரை பெரியாஸ்பத்திரியில நர்ஸ். கோரிப்பாளையத்துல எறங்கி பனகல் ரோட்டுல நடந்தா வருமே, அதே தான். இப்ப போர்டுல அரசு ராஜாஜி மருத்துவமனைனு இருக்கு, எங்க தாத்தா கடைசி வரைக்கும் எஸ்கின் ஆஸ்பத்திரினு தான் சொன்னாரு, 1934ல இருந்து 1940 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த எர்ஸ்கின் பிரபு பேரு அது, தாத்தா வாயில எஸ்கின் ஆயிருச்சு. 1954ல மெடிக்கல் காலேஜும் வந்த பெறகு மதுரைக்கு மட்டும் இல்ல, ராம்நாடு, சிவகங்கை, தேனி, விருதுநகர்னு சுத்துப்பட்டுக்கே கடைசி வாசல் அது தான். "இனி எங்களால ஆகாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"னு சொன்னா கேஸ் பெருசுன்னு அர்த்தம். அப்டி வந்து எறங்குற சனத்துக்கு மொதல்ல எதுக்க நிக்குற வெள்ளைச் சேலைகள்ல ஒண்ணு எங்க பெரியம்மா.

நான் அந்த வீட்லயே வளந்தவன். எங்க ஊரு செக்கானூரணி தாண்டி உள்ள ஒரு கிராமம், மானாவாரிக் காடு, மழை பேஞ்சா சோளம் இல்லாட்டி ஒண்ணும் இல்ல. ஆறாங்கிளாஸ்க்கு என்னயக் கொண்டாந்து செல்லூர்ல பெரியம்மா வீட்ல விட்டாய்ங்க. ரெண்டு ரூம்பு வீடு, தெரு பூரா தறிச் சத்தம், சாயம் போட்ட நூலு வாசல்ல காயும். பெரியம்மா, பெரியப்பா, அவுக மக, மகன், பெரியப்பாவோட ஆத்தா, கூட நான். ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு ஷிப்ட் வேலை.

பெரியம்மா நர்சிங் போன கதைய எங்கம்மா தான் சொல்லும். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச உடனே ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் ஃபார்ம் வாங்கிக் குடுத்து தாத்தாட்ட கையெழுத்து வாங்கிட்டாரு. ஊருக்குள்ள ஒரே பேச்சு. "கண்ட ஆம்பளயவும் தொட்டு வேலை பாக்கணுமாம்ல, பீ மூத்திரம் அள்ளணுமாம்ல." பேசுனவய்ங்க வீட்ல பெறகு எத்தனை பேருக்கு இதே பெரியம்மா பெட் வாங்கிக் குடுத்துச்சுங்குறது வேற கணக்கு. படிக்கும்போது குடுத்த ஸ்டைபண்ட்ல ஹாஸ்டலுக்குப் போக மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்பும், அந்தக் காசுல தான் எங்கம்மா பத்தாவது வரைக்கும் படிச்சுச்சு. அப்பறம் ரெண்டு மூணு வருஷம் எங்கயோ ஒரு கிராமத்து பி.ஹெச்.சி.யில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, அரிக்கேன் வெளிச்சத்துல பிரசவம் பாத்துருக்கு, அத எப்ப கேட்டாலும் "அதெல்லாம் ஒரு காலம்"னு முடிச்சுரும்.

மாப்பிள்ளை பாக்குறப்ப வந்தவய்ங்க எல்லாம் கேட்ட கேள்வி ஒண்ணு தான். "நைட் டூட்டி உண்டா?" உண்டுன்னதும் காப்பி குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க. பெரியப்பா மில்லுல வேலை. அவரு மட்டும், "எனக்கும் தான் நைட் ஷிப்ட் உண்டு, நான் போறப்ப யாரும் ஒண்ணும் கேக்கலயே"னு சொன்னாராம். அவரு ஒண்ணும் பெரிய புரட்சிக்காரர் இல்ல, நல்லாப் பேசவும் தெரியாது, வாழ்க்கையில அவரு சொன்ன ஒரே நல்ல வசனம் இதுதான்னு பெரியம்மாவே கிண்டல் பண்ணும்.

இப்ப நோட்டுக்கு வர்றேன்.

நர்ஸுங்க பேச்சுல "ஓவர்"னு ஒண்ணு உண்டு. ஒரு டூட்டி முடிஞ்சு அடுத்த ஆளு வந்ததும், ரெண்டு பேருமா பெட் பெட்டா நடந்து, இவருக்கு என்ன ஊசி போட்டாச்சு, எது பாக்கி, எத்தனை பாட்டில் எறங்கிருக்கு, மூத்திரம் எவ்வளவு போச்சு, யாரு சாப்பிடல, யாரு ராத்திரி பூரா பொலம்பிக்கிட்டு இருந்தாக, எல்லாத்தையும் சொல்லி ஒப்படைக்கிறது. இந்தப் பக்கம் ஓவர் குடுக்குறது, அந்தப் பக்கம் ஓவர் எடுக்குறது. ஓவர் குடுக்காம வார்டை விட்டு நகரக் கூடாது. புதுசா வர்ற புள்ளைகட்ட பெரியம்மா சொல்லுமாம், "ஷீட்டப் பாத்து ஓவர் எடுக்காத தாயி, ஆளப் பாத்து எடு. ஷீட்டுல காய்ச்சல் இல்லன்னு போட்டிருக்கும், அங்க ஆளு நடுங்கிக்கிட்டு கெடப்பான்."

கல்யாணம் ஆன புதுசுல பெரியம்மாவுக்கு நைட், பெரியப்பாவுக்கு பகல். அடுத்த வாரம் மாறும். சில வாரம் ரெண்டு பேரும் தெரு முனையில தான் பாத்துக்குவாகளாம், ஒருத்தர் வர்றப்ப ஒருத்தர் போறது. அப்டி ஆரம்பிச்சது தான் வீட்டுக்குள்ள ஓவர் நோட்டு. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, ஓரத்துல ஓட்டை போட்டு சணல் கட்டி அடுப்பங்கரைக் கதவுல தொங்கும். பேனாவும் அதே சணல்ல கட்டிருக்கும், ஏன்னா இல்லாட்டி நாங்க தூக்கிட்டுப் போயிருவோம். அதுல இப்டி இருக்கும்:

"ஆத்தா - காலை மாத்திரை குடுத்தாச்சு. ராத்திரி மாத்திரை பாக்கி. இன்னைக்கு வயித்துக்குப் போகல. பெரியவ - பரீட்சை, எழுப்பி விடணும். சின்னவன் - இருமல், சளி பச்சையா இருந்தா சொல்லு. தங்கச்சி மகன் - கொய்யாக்கா திருடித் தின்னான், வயிறு வலின்னா நம்ப வேணாம். பால் ஒண்ணரை. உளுந்து ஊறுது. 6.20."

கீழ கையெழுத்து. படிச்சவங்களும் பக்கத்துல கையெழுத்து போடணும், அப்ப தான் ஓவர் எடுத்ததா கணக்கு. பெரியப்பாவோட ஆத்தாவுக்குக் கையெழுத்து தெரியாது, அது பேனாவ வச்சு அழுத்தி ஒரு புள்ளி வைக்கும். பழைய நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் அந்தப் புள்ளி இருக்கு, சில எடத்துல பேப்பர் கிழிஞ்சே போயிருக்கு.

அந்த ஆத்தா தான் "நர்ஸ் மருமக வேணாம்"னு ஒத்தக் கால்ல நின்ன ஆளு. அதுவே கடைசியில பக்கவாதம் வந்து ரெண்டரை வருஷம் படுக்கையில கெடந்துச்சு. பெரியம்மா எங்க எல்லாருக்கும் டைம் டேபிள் போட்டுருச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆத்தாவத் திருப்பிப் போடணும், இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் நாலரை மணித் திருப்பல் என்னோடது. விரிப்ப ரெண்டா மடிச்சு ஆத்தாவுக்கு அடியில குறுக்க போட்டிருப்போம், அதப் பிடிச்சு இழுத்து தான் திருப்பணும், கையப் பிடிச்சு இழுத்தா தோலு உரியும். முட்டிக்கு நடுவுல தலகாணி, குதிகாலு படுக்கையில படாம கெண்டக்காலுக்கு அடியில பழைய சேலைச் சுருட்டு. முதுகுல செவப்பா எங்கயாச்சும் இருந்தா விரல வச்சு அழுத்திப் பாத்து, வெள்ளையாகித் திரும்பச் செவந்தா பரவால்ல, அழுத்தியும் செவப்பாவே இருந்தா நோட்டுல எழுதணும். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. வெளிய பசங்க கிரிக்கெட் ஆடுற சத்தம் கேக்கும், நான் ஆத்தா முதுக அழுத்திப் பாத்துக்கிட்டு நிப்பேன். கடுப்பா வரும், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டரை வருஷத்துல ஆத்தாவுக்கு ஒரு படுக்கைப் புண்ணு வரல. பாடிய குளுப்பாட்டுன பொம்பளைக அதத் தான் பேசிக்கிட்டாக.

லீவு நாள்ல சாப்பாடு குடுக்க வார்டு வாசலுக்குப் போவேன். அப்ப எல்லாம் இன்னும் கண்ணாடி சிரிஞ்சு முழுசாப் போகல, பெரிய தட்டுல தண்ணியில போட்டுக் கொதிக்க வைப்பாக, அது டணக் டணக்னு ஆடுற சத்தம் வெளிய வரைக்கும் கேக்கும். ஏழாங்கிளாஸ்ல கணக்குல பெயில் ஆனப்ப பெரியம்மா எனக்கு ட்ரிப்ஸ வச்சு கணக்கு சொல்லிக் குடுத்துச்சு. "500 மில்லி பாட்டிலு, எட்டு மணி நேரத்துல ஏத்தணும். இந்த ட்யூப்புல 15 சொட்டு சேந்தா ஒரு மில்லி. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விடணும்?" நான் ரெண்டு பக்கம் கிறுக்குனேன். பதினஞ்சரைக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. "அரைச் சொட்டு எப்டிடா விழும்? பதினாறு வைய்யி." இப்ப யாரப் பாக்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் மொதல்ல பாக்குறது அந்தச் சொட்டத் தான். வாட்ச்சப் பாத்து எண்ணுவேன். என் பொண்டாட்டிக்கு இது பெரிய எரிச்சல்.

வீட்ல பொங்கல்ங்குறது பெரியப்பா வச்ச பொங்கல் தான். ஏன்னா தை ஒண்ணு அவனியாபுரம், ரெண்டு பாலமேடு, மூணு அலங்காநல்லூர், மூணு நாளும் மாடு குத்துனவய்ங்கள கொண்டாந்து இறக்குற எடம் பெரியாஸ்பத்திரி. பெரியம்மா அந்த மூணு நாளும் லீவு கேக்கவே கேக்காது. கொம்பு குத்தப் பத்தி அது சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. வெளிய பாத்தா ஓட்டை சின்னதா இருக்கும், ரெண்டு தையல் போட்டா போச்சுன்னு தோணும், ஆனா மாடு குத்துன வேகத்துல தலையத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கும்ல, உள்ள எங்கெங்கயோ கிழிச்சுட்டுப் போயிருக்கும். அதனால வர்ற பயக வேட்டிய அவுத்துக் காட்டிட்டு "சும்மா கீறல் தான்க்கா"னு சிரிச்சா தான் இதுக்குப் பயம் வருமாம், அழுகுறவன விட.

2017ல ஜல்லிக்கட்டுக்காக தமுக்கத்துல சனம் கூடுனப்ப சின்னவனும் போயி உக்காந்துட்டான். பெரியம்மா அப்ப ரிட்டையர் ஆயி நாலு வருஷம். நாங்க எல்லாம் உணர்ச்சியா பேசிக்கிட்டு இருக்கோம், அது பாட்டுக்கு புளியோதரை கிண்டி பெரிய தூக்குவாளியில அடைச்சு என்கிட்ட குடுத்து, "அங்கன குடு, தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு"ன்னுச்சு. மாடு வேணுமா வேணாமா பெரியம்மான்னு கேட்டேன். "மாடு வேணும். வாடிவாசல் பக்கத்துல ரத்தம் நாலு பாட்டிலு ரெடியா வேணும்." அம்புட்டு தான் அதோட அரசியல்.

சித்திரைத் திருவிழா இன்னொரு கூத்து. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் எல்லாம் தலையா இருக்கும், பஸ் ஓடாது. செல்லூர்ல இருந்து நடந்தே போகும், தோல் பையில தண்ணி பீய்ச்சுறவய்ங்க வெள்ளைச் சேலையப் பாத்தா விடுவாய்ங்களா. நனைஞ்சுகிட்டே போயி வேற சேலை மாத்திக்கிட்டு டூட்டி. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஆத்துக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு அழகர் எறங்குனத நேர்ல பாத்தது ரெண்டு தடவையோ மூணு தடவையோ தான். பச்சைப் பட்டா செவப்பான்னு வர்ற பேஷண்டுகிட்டத் தான் கேட்டுக்குமாம்.

பூவும் அப்டித் தான். மதுரையில பொறந்த பொம்பளைக்கு மல்லி இல்லாம எப்டி. டூட்டியில தலையில வைக்க முடியாது. மத்தியானமே ரெண்டு முழம் வாங்கி ஈரத்துணியில சுத்தி டிபன் பாக்ஸ் மூடியில வச்சிருக்கும். டூட்டி முடிஞ்சு கேட்டத் தாண்டுன உடனே, மரத்தடியில நின்னு கண்ணாடி கூட இல்லாம குத்திக்கிட்டு தான் நடக்கும். அந்த அஞ்சு நிமிஷ நடை வரைக்கும் அது யாருக்கும் நர்ஸும் இல்ல, அம்மாவும் இல்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுரும்.

எங்கப்பாவப் பாம்பு கடிச்ச கதைய சொல்லாம முடியாது.

நான் காலேஜ் முடிச்சு சும்மா இருந்த சமயம். ராத்திரி எட்டு மணிக்கு மேல காட்டுக்குப் போன அப்பாவ வரப்புல கண்ணாடி விரியன் போட்டுருச்சு. ஊர்ல பச்சிலை குடுக்குறேன்னு ஒருத்தர், கத்தியால கீறணும்னு ஒருத்தர். எங்க சித்தப்பா துண்டால தொடையில இறுக்கக் கட்டி, பாம்பையும் அடிச்சு உரச்சாக்குல போட்டு, வேன் பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி பத்து. பெரியம்மாவுக்கு அன்னைக்கு அதே வார்டுல நைட். ஸ்ட்ரெச்சர்ல அப்பாவப் பாத்துச்சு, மொகத்துல ஒண்ணும் காட்டல. சாக்கப் பாத்துட்டு, "அத எதுக்கு தூக்கிட்டு வந்தீக, அதுக்கும் சீட்டு போடவா? வெளிய கொண்டு போங்க, செத்த பாம்பும் பல்லு பட்டா ஏறும்"னு ஒரு சத்தம். நான் தொடைக் கட்ட அவுக்கப் போனேன், கையில ஒரு அடி. "கட்டுனதே தப்பு. கட்டிட்டீக, இப்ப படக்குனு அவுத்தா மொத்தமா மேல ஏறும். டாக்டர் சொல்லட்டும், மருந்து ஏறட்டும்."

டாக்டர் ரத்தம் எடுத்து ஒரு சின்ன கண்ணாடி ட்யூப்புல ரெண்டு மில்லி விட்டாரு. சோப்பு போட்டுக் கழுவாத, சுத்தமா காஞ்ச ட்யூப்பு, அதுக்குன்னே தனியா வச்சிருப்பாக. பெரியம்மா அத வாங்கி ஜன்னல் திண்டுல நட்டமா நிறுத்திட்டு கைக்கடிகாரத்தப் பாத்துச்சு. "20 நிமிஷம். யாரும் தொடாத, ஆட்டாத." சாதாரண ரத்தம்னா 20 நிமிஷத்துல கட்டி தட்டிரும், சாய்ச்சாலும் ஓடாது. விரியன் விஷம் ஏறிருந்தா கட்டாது. பெரிய மெஷின் ஒண்ணும் இல்ல, ஒரு ட்யூப்பு, ஒரு வாட்ச்சு, அம்புட்டு தான் பரிசோதனை. அந்த 20 நிமிஷத்துல பெரியம்மா வேற மூணு பெட்டுக்கு ஊசி போட்டுச்சு, ஒரு கிழவிக்குப் பேன் சுத்தலன்னு திட்டு வாங்குச்சு, நானும் எங்கம்மாவும் ஜன்னலயே பாத்துக்கிட்டு நின்னோம். டைம் ஆனதும் வந்து ட்யூப்ப லேசா சாய்ச்சுச்சு. தண்ணி மாதிரி ஓடிருச்சு.

பத்து குப்பி ஏ.எஸ்.வி., அதான் பாம்பு விஷத்த முறிக்கிற மருந்து, ட்ரிப்ஸ்ல கலந்து ஏத்துனாக. ஏறுற வரைக்கும் பெரியம்மா பக்கத்துலயே நின்னு அப்பா கையில தடிப்பு வருதா, மூச்சு இழுக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு, குதிரை ரத்தத்துல இருந்து எடுக்குற மருந்து, சிலருக்கு ஒத்துக்காதாம். அந்த மருந்து செய்யுறதுக்கான விஷத்துல பெரும் பங்கு மெட்ராஸ் பக்கம் வடநெம்மேலியில இருளர் சங்கத்துக்காரங்க பாம்புகட்ட இருந்து எடுத்துக் குடுக்குறதுன்னும், 1978ல இருந்து அந்தச் சங்கம் நடக்குதுன்னும் பல வருஷம் கழிச்சு தான் எனக்குத் தெரியும். எங்கப்பா உசுருல அவங்களுக்கும் பங்கு உண்டு. ஆறு மணி நேரம் கழிச்சு, விடிகாலை நாலரைக்கு, மறுபடி ட்யூப்பு. மறுபடி ஓடிருச்சு. மறுபடி மருந்து.

ஏழு மணிக்கு அடுத்த நர்ஸ் வந்துச்சு. பெரியம்மா ஓவர் குடுக்க ஆரம்பிச்சது. ஒண்ணாம் நம்பர் பெட்டு, ரெண்டாம் நம்பர், வரிசையா. எங்கப்பா பதினொண்ணு. பத்து முடிச்சுத் தான் பதினொண்ணுக்கு வந்துச்சு. "பதினொண்ணு, விரியன் கடி, ரெண்டு தடவை கட்டல, அடுத்த ட்யூப்பு பத்தரைக்கு, மூத்திரம் 400, நெறம் பாத்துக்க." அம்புட்டு தான். என் தங்கச்சி வீட்டுக்காரர்னு ஒரு வார்த்தை சொல்லல. எங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. "என் புருஷன ஒரு நம்பராச் சொல்லிட்டாளே"ன்னு அதுக்கு நாலஞ்சு வருஷம் மனசுல கெடந்துச்சு.

ஆனா ஓவர் குடுத்த பெறகு பெரியம்மா வீட்டுக்குப் போகல. சேலைய மாத்திக்கிட்டு வந்து வெளிய மரத்தடியில, மத்த சனத்தோட சனமா, எங்கம்மா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. உள்ள போகல, அந்தப் புள்ளைய ஒரு கேள்வி கேக்கல. அது ஓவர் எடுத்தாச்சு, இனி அதோட வார்டு. பதினோரு மணி இருக்கும், அந்த நர்ஸ் புள்ள ட்யூப்ப எடுத்துக்கிட்டு வெளியவே வந்துருச்சு, வந்து பெரியம்மா மொகத்துக்கு நேரா தலைகீழா கவுத்துக் காமிச்சுச்சு. ஒரு சொட்டு விழல. உள்ள செவப்பா கட்டியா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பெரியம்மா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் சொல்லல, தலைய ஆட்டுச்சு. என்னயப் பாத்து, "போயி டீ வாங்கிட்டு வாடா, சீனி தூக்கலா"ன்னுச்சு. டீ கிளாஸ வாங்குற கை நடுங்கி பாதி டீ சேலையில கொட்டிருச்சு.

இதெல்லாம் நான் பாத்த பெரியம்மா. அக்கா பாத்தது வேற. அக்கான்னா பெரியம்மா மக. அக்கா பெரியவளாயி சடங்கு வச்ச அன்னைக்கு, தாய்மாமன் சீர்த் தட்டு எல்லாம் வாசல்ல எறங்கிருச்சு, பந்தக்கால் கட்டி மைக் செட் போட்டு சொந்தம் பூரா கூடி நிக்குது, அம்மாவக் காணோம். காலையில ரிலீவ் பண்ண வேண்டியவங்க வீட்ல ஒரு சாவு, ஆளு வரல, வார்டை விட்டு வர முடியல. பத்தரை மணிக்கு டூட்டி சேலையோட, டெட்டால் வாசத்தோட ஓடி வந்துச்சு. நல்ல நேரம் போயிருச்சு. தண்ணிய யாரோ அத்தைமாரு ஊத்தியாச்சு. அக்கா அன்னைக்கு மொகத்தத் திருப்புனது தான். நோட்டுல கையெழுத்து போடுறதையும் அன்னையோட நிறுத்திருச்சு. "நான் ஒண்ணும் உன் வார்டு இல்ல"ன்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நர்சிங் சீட்டு கெடைக்கிற மார்க் இருந்தும் வேணவே வேணாம்னு பி.காம். படிச்சு பேங்க்குக்குப் போச்சு. அக்கா பக்கம் நியாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியாது. ஊருக்கே ராத்திரி முழிச்சு உக்காந்த பொம்பளை, அக்காவுக்கு டைபாய்டு வந்தப்ப நைட் டூட்டி போனது உண்மை தான். பாத்துக்கிட்டது பெரியப்பா. நோட்டப் பாத்து.

மக வரலன்னா என்ன, ஊருப் புள்ளைகள பெரியம்மா விடல. பெரியாஸ்பத்திரியில கண் டாக்டரா இருந்த வெங்கடசாமி ஐயா ரிட்டையர் ஆயி 1976ல 11 பெட்டோட அரவிந்த் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாருல்ல, வாத நோயில விரலு எல்லாம் கோணிப் போயி அந்த விரலோடயே ஆயிரக்கணக்குல கண் ஆபரேஷன் பண்ணுனவரு, அவரப் பத்திப் பேச ஆரம்பிச்சா பெரியம்மா நிறுத்தாது. அங்க கிராமத்துப் புள்ளைகள எடுத்து அவுகளே ட்ரெய்னிங் குடுத்து வேலையும் குடுக்குறாகன்னு தெரிஞ்சு எங்க ஊர்ல இருந்து மூணு புள்ளைகளக் கூட்டிட்டுப் போயி விட்டுச்சு. பெத்தவய்ங்க மொதல்ல கேட்டது அதே பழைய கேள்வி தான். நைட் டூட்டி உண்டா.

58 வயசுல வேலை தான் ரிட்டையர் ஆச்சு, பெரியம்மா ரிட்டையர் ஆகல. தெருவுல யாருக்கு வயித்தால போனாலும் வாசல்ல வந்து நிப்பாக, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணி, ஆறு டீஸ்பூன் சீனி தலை தட்டி, அரை டீஸ்பூன் உப்பு, "கூடக் குறைய போட்டீக, நான் பொறுப்பில்ல". கொரோனா நேரத்துல சின்னவன் ஆக்ஸிமீட்டர் ஒண்ணு வாங்கி அனுப்புனான். மாஸ்க் போட்டுக்கிட்டு வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து தெருவுக்கே விரல்ல மாட்டி, பேரும் நம்பரும் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்துச்சு. 94க்குக் கீழ போனா ஆம்புலன்ஸ். பெரியப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு, கேக்கல.

போன வருஷம் சாப்பாடு எறங்கல, கண்ணு மஞ்சளிச்சுச்சு. கணையத்துல கட்டி. ஸ்கேன் ரிப்போர்ட்ட நாங்க மறைச்சு மறைச்சு வச்சோம், அதுக்குப் போயி மறைக்கிறோம் பாருங்க. தானே பீரோவுல இருந்து எடுத்து கண்ணாடிய மாட்டி ஒரு தடவ படிச்சுட்டு மடிச்சு வச்சுருச்சு. கீறி ஆபரேஷன் பண்ற ஸ்டேஜ் இல்ல, வீட்லயே இருக்கேன், வலிக்கு மட்டும் மருந்து குடுங்கன்னு டாக்டர்ட்ட அதுவே பேசி முடிச்சுருச்சு. அக்கா பேங்க்ல லீவு போட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் பெருசா ஒண்ணும் பேசிக்கல. அக்கா திருப்பிப் போடும். முட்டிக்கு நடுவுல தலகாணி, குதிகாலுக்கு சேலைச் சுருட்டு. யாரு சொல்லிக் குடுத்தா? ஆத்தா கெடந்தப்ப ராத்திரி பத்து மணித் திருப்பல் அக்காவோடது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், நானும் இருந்தேன். பெரியம்மா அக்காவப் பாத்து "நோட்ட எடு"ன்னுச்சு. எழுதுற தெம்பு இல்ல, சொல்லச் சொல்ல அக்கா எழுதுச்சு. "அப்பா - பிரஷர் மாத்திரை காலையில, சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, கேட்டா போட்டுட்டேன்னு சொல்லுவாரு, அட்டையப் பாரு. சித்தி - கண்ணுல புரை, தைக்குள்ள ஆபரேஷன். கேஸ் புக் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி. மூணாம் வீட்டுப் புள்ளைக்கு நர்சிங் ஃபார்ம் வாங்கித் தர்றேன்னேன், பாக்கி. பீரோ மேல் தட்டுல பச்சைக் கரைச் சேலை, அதக் கட்டுங்க. ராத்திரி நான் சத்தம் போட்டா யாரையும் கூப்புடாத, மருந்து ஒரு மூடி குடு. பால் பாக்கி 320."

"படி"ன்னுச்சு. ஓவர் எடுக்குறவங்க திருப்பிச் சொல்லணும். அக்கா மொதல்ல இருந்து படிச்சுச்சு, சேலைக்கு வந்தப்ப கொஞ்சம் நின்னு, அப்பறம் தொடந்து படிச்சு முடிச்சுச்சு. பெரியம்மா பேனாவ வாங்கி கீழ ஏதோ கிறுக்குச்சு, கையெழுத்துன்னு சொல்ல முடியாது, பாதி புள்ளி பாதி கோடு. பக்கத்துல அக்கா கையெழுத்து போட்டு மணியும் எழுதுச்சு, 5.40. அந்த நோட்டுல அக்கா கையெழுத்து முப்பது வருஷம் கழிச்சு அன்னைக்குத் தான்.

வெள்ளிக்கிழமை விடியல்ல முடிஞ்சுருச்சு. சத்தம் போடல.

மூணாம் நாள் பால்காரர் வந்தாரு. அக்கா 320 ரூபாய எண்ணி நீட்டுச்சு. அவரு பதறிப் போயி, "இல்லம்மா, போன வாரமே நர்ஸம்மா கூப்புட்டு கையில குடுத்துட்டாக, பாக்கி ஒண்ணும் இல்ல"ங்குறாரு. அக்கா நோட்டத் தொறந்து அந்த வரிய விரல வச்சுக் காமிச்சு, "எங்கம்மா ஓவர்ல தப்பே வராது, பிடிங்கண்ணே"ன்னு அதட்டுது. அவரு என்னயப் பாக்குறாரு, நான் எங்கயோ பாக்குறேன். கடைசியில வாங்கிக்கிட்டாரு. அக்கா உள்ள போயி அந்த வரிக்கு நேரா "குடுத்தாச்சு, 7.10"ன்னு எழுதிருச்சு.

அடுத்த மாசக் கணக்குல அந்த 320ஐ அவரு சத்தமில்லாம கழிச்சுட்டாரு. அக்கா இன்னும் கவனிக்கல, இதப் படிச்சா தான் தெரியும்.